கோப்பு எங்கே இருக்கிறது? தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு அறிவியல் இதழ்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் சென்னை நிறுவனங்களில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பகலில் யாரோ எழுதிய வேதியியல் கட்டுரை, ராத்திரியில் நண்பர்களின் கவிதைத் தொகுப்புக்கு லேஅவுட். இரண்டு உலகத்திலும் கால் வைத்தவன் என்பதால்தான் இந்த மடல்.

அச்சுப் புத்தகம் நிலைக்குமா, மின்னூல் அதை விழுங்கிவிடுமா என்று மேடைதோறும் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அந்தப் பட்டிமன்றத்தில் பெரிய அக்கறை இல்லை. வீட்டில் புத்தகம் வைக்க இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருக்கிறேன், கைப்பேசியிலும் படிக்கிறேன். உங்களிடம் கேட்க வந்தது வேறு கேள்வி. நீங்கள் பத்து, இருபது வருஷத்துக்கு முன்னால் போட்ட புத்தகங்களின் கணினிக் கோப்புகள் இப்போது எங்கே இருக்கின்றன?

கேட்கக் காரணம் உண்டு. என் தமிழாசிரியர் 2003இல் ஒரு கட்டுரைத் தொகுப்பு கொண்டுவந்தார். அவர் மறைந்த பிறகு மறுபதிப்பு போடலாம் என்று அவர் மகள் விரும்பினார். பதிப்பகமும் சந்தோஷமாகச் சம்மதித்தது. (பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்.) ஆனால் கோப்பு அவர்களிடம் இல்லை, டிடிபி (கணினியில் பக்கம் அமைக்கும் வேலை) செய்தவரிடம் இருந்தது. அவர் கடையை மூடிவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். எப்படியோ ஒரு சிடி கிடைத்தது, அதில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளின் கோப்பும் இருந்தது. பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடித்துத் திறந்தால், எழுத்துரு இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். கடைசியில் 240 பக்கத்தையும் அச்சுப் பிரதியைப் பார்த்து மறுபடி அடித்தோம். சார் உயிரோடு இருந்தபோது மூன்று முறை மெய்ப்புப் பார்த்துத் திருத்திய நூலில், புதிதாகப் பிழைகளைச் சேர்த்த பெருமை எங்களுடையது.

இதில் டிடிபிக்காரரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அன்றைக்குத் தமிழ் அப்படித்தான் கணினியில் ஏறியது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிந்தால், கோப்புக்குள்ளே இருப்பது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி. அந்த ஐந்துக்கும் தமிழ்ச் சட்டை போட்டுவிடுவதுதான் எழுத்துருவின் வேலை. சட்டையைக் கழற்றினால் தமிழ் போய்விடும். இப்படி ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிச் சட்டை தைத்தது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளைத் தரமாக அறிவித்துப் பார்த்தது. 2010இல் உலகத்துக்கே பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு வந்தது. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் இருந்தது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். கோப்பில் ‘த’ என்று இருந்தால் உலகத்தின் எந்தக் கணினியும் அதை ‘த’ என்றே படிக்கும். யூனிகோடு தருவது அவ்வளவுதான், வேறு மந்திரம் எதுவும் இல்லை.

“நாங்கள்தான் கன்வெர்ட்டர் வைத்து யூனிகோடுக்கு மாற்றிவிட்டோமே” என்று சிலர் சொல்வீர்கள். சரி, அங்கேதான் அடுத்த வேடிக்கை. பழைய உலோக அச்சில் ர் என்ற எழுத்துக்கு அடியில் வால் இருக்காது; துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்தது போலத்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தில் தட்டச்சிலும் டிடிபியிலும் ர் வரவேண்டிய இடத்தில் துணைக்காலையும் புள்ளியையும் அடித்தார்கள். கன்வெர்ட்டர் அதை அப்படியே மாற்றிக் கொடுத்துவிடும். இந்த வரியிலேயே பாருங்கள்: அவர், அவா். முதலாவது சரி. இரண்டாவதில் இருப்பது ர் அல்ல, ஆகாரக் காலும் ஒரு புள்ளியும். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் மின்னூலில் ‘அவர்’ என்று தேடினால் ஒன்றுகூடச் சிக்காது.

ஔவையார் கதை இன்னும் மோசம். ஔ என்பது ஓர் எழுத்து. அதை ஒ, ள என்று இரண்டாகப் பிரித்து அடித்தால் அச்சில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைபடிப்பான் மென்பொருள் மட்டும் கண்டுபிடித்துவிடும், “ஒளவையார்” என்று ளகரத்தை அழுத்தமாக உச்சரித்து. பொருளடைவில் பாட்டி ஒகர வரிசையில் போய் உட்கார்ந்திருப்பார். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்வையற்ற நண்பர் ஒருவர் ஒரு நாவல் முழுவதையும் இப்படிக் கேட்டு முடித்ததாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார். முதுகை வெட்டி, தாள் தாளாக ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளில் ஓட்டி, வரும் பிழைகளோடு கேட்கிறார். சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்காக நூலை வேறு வடிவத்துக்கு மாற்ற அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்றுக்கொண்ட நாடும் இந்தியாதான். இவ்வளவும் இருந்து அவர் ஏன் முதுகை வெட்ட வேண்டும்? உங்கள் கணினியில் அந்த நூல் எழுத்துகளாகவே இருக்கிறது, அல்லது இருந்திருக்கலாம்.

இப்போது என் பகல் வேலைக்கு வருகிறேன். சென்னையிலும் புதுச்சேரியிலும் உலகத்தின் பெரிய அறிவியல் பதிப்பகங்களுக்குப் பக்கம் அமைக்கும் அலுவலகங்கள் நிறைய இருக்கின்றன. கட்டுரை வந்ததும் அங்கே முதல் வேலை பக்க அழகு அல்ல. எக்ஸ்எம்எல் என்ற குறிமுறையில் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் சூட்டுவோம்: இது தலைப்பு, இது ஆசிரியர் பெயர், இது அடிக்குறிப்பு, இது படத்தின் விளக்கம். அப்புறம் அந்த ஒரே கோப்பிலிருந்து அச்சுக்கான பிடிஎஃப், இணையப் பக்கம், இ-பப் என்ற மின்னூல் கோப்பு மூன்றும் பிறக்கும். அச்சா மின்னா என்ற சண்டைக்கே அங்கே இடமில்லை, இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இந்த வேலையைச் செய்கிறவர்களில் பாதிப் பேராவது வீட்டுக்குப் போய்த் தமிழ் நாவல் படிக்கிறவர்களாக இருப்பார்கள். அந்த நாவல் மட்டும் இன்னமும் பேஜ்மேக்கரில் உருவாகிறது.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வெளிவந்தது 2001இல். அப்புறம் அடோபி அதைக் கைவிட்டுவிட்டது. அதே நிறுவனத்தின் புதிய மென்பொருளான இன்டிசைனில் சிஎஸ்6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்க முடிந்தது. அதற்கு அடுத்து வந்தவற்றில் அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள். பழைய விண்டோஸ் ஓடும் அந்த ஒரு கணினி படுத்துவிட்டால், உங்கள் நூல்வரிசையில் பாதி அதோடு போய்விடும்.

இதற்கு எதிர்ப்பக்கம் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத் இருக்கிறார். கணினி நிரலாக்கம் பற்றிய தன் நூலின் இரண்டாம் தொகுதிக்கு 1977இல் வந்த மெய்ப்புகளைப் பார்த்து நொந்துபோனவர், அச்சுக்கோக்கத் தானே ஒரு மென்பொருள் எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை 1989 வரை இழுத்தது. இப்படி எழுதுகிற காரியத்தைப் பாதியில் விட்டுவிட்டு அச்சுக் கருவி செய்யப் போன எழுத்தாளரை எந்தப் பதிப்பாளர் பொறுத்துக்கொள்வார் என்று நான் யோசிப்பதுண்டு. ஆனால் டெக்கின் மூலக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. முப்பது வருஷம் பழைய கட்டுரையை இன்றும் திறந்து படிக்கலாம், பெரும்பாலும் அப்படியே அச்சுக்கும் அனுப்பலாம். 2004இல் வந்த சீடெக் என்ற அதன் வழிவந்த மென்பொருளில் யூனிகோடு தமிழும் ஓடும். உங்களை டெக் கற்கச் சொல்லவில்லை, சொன்னால் டிடிபி தம்பிகள் என்னை அடிக்க வருவார்கள்.

அவர்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். “யூனிகோடு போட்டுப் பார்த்தோம் சார், கொம்பு இடம் மாறுது, புள்ளிப்புள்ளியா வட்டம் வருது” என்பார்கள். பொய் இல்லை. இன்டிசைனில் பத்தி அமைப்புக்கு ஆங்கிலத்துக்கான வழக்கமான கம்போசரையே விட்டுவைத்தால் அப்படித்தான் வரும். வேர்ல்டு-ரெடி கம்போசர் என்று இன்னொன்று இருக்கிறது, அதை மாற்றினால் கொம்பு தன் இடத்தில் உட்காரும். ஒரே ஒரு அமைப்பு. இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் எத்தனையோ கடைகள் பழைய எழுத்துருவுக்கே திரும்பிப் போயின. காசு பிரச்சினை என்றால் ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2024இல் வந்த அதன் 1.6 பதிப்பில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகக் கோத்து வருகின்றன.

நல்ல எழுத்துரு இல்லை என்பதும் ஒரு காலத்தில் நியாயமான புகார்தான். விண்டோஸோடு வந்த லதாவில் 300 பக்க நாவல் படிக்க யாருக்கும் மனம் வராது. இன்றைக்கு நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர் என்று இலவசமாகவே பல இருக்கின்றன. உங்கள் பழைய அச்சுப் பாரங்களில் இருந்த அந்தக் கனமான அழகு இன்னும் வரவில்லை என்றால் ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் அந்த ஏக்கம் உண்டு.

மின்னூல் போட்டால் திருடிவிடுவார்கள் என்ற பயமும் எனக்குத் தெரியும். டெலிகிராமில் சுற்றுகிற பிடிஎஃப்களைத் திறந்து பாருங்கள். ஓரத்தில் ஒருவருடைய கட்டைவிரல் தெரியும். பெரும்பாலும் அச்சுப் புத்தகத்தைப் படம் பிடித்தவை. அச்சோடு நிறுத்திக்கொள்வதால் திருட்டு நிற்பதில்லை, காசு கொடுத்து வாங்க நினைக்கிற துபாய்க்காரருக்கும் டொராண்டோக்காரருக்கும்தான் வழி இல்லாமல் போகிறது. டெம்மி என்ற அச்சுப் புத்தக அளவுக்கு அமைத்த பிடிஎஃபையே மின்னூல் என்று விற்பவர்களிடமும் ஒரு வார்த்தை: கைப்பேசியில் ஒவ்வொரு வரிக்கும் இழுத்து இழுத்துப் படிப்பது தண்டனை. திரைக்குத் தக்கபடி வரிகள் மடங்கும் இ-பப்தான் வேண்டும்.

ஐம்பது, நூறு பிரதி மட்டும் அடிக்கும் பிரிண்ட் ஆன் டிமாண்டுக்கு உங்களில் பலர் வந்துவிட்டீர்கள். கிடங்கில் புத்தகம் இருந்த காலம் போய்க் கோப்புதான் இப்போது கிடங்கு. அந்தக் கிடங்கின் சாவியை மட்டும் ஏன் அடுத்தவர் கையில் விட்டுவைக்கிறீர்கள்?

அதனால் இனி டிடிபிக்குப் பணம் கொடுக்கும்போது பிடிஎஃபோடு மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அச்சுக்குப் போகும் முன் கடைசியாகச் செய்த திருத்தங்கள் அதில் ஏறியிருக்க வேண்டும். யூனிகோடில் இருக்க வேண்டும். அத்தியாயத் தலைப்பு, கவிதை வரி, அடிக்குறிப்பு எல்லாவற்றுக்கும், இது இன்னது என்று மென்பொருளுக்குச் சொல்லும் ஸ்டைல் போட்டிருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி வைத்தால் மனிதக் கண்ணுக்குத்தான் அது தலைப்பு. இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். கூடுதலாகக் கொஞ்சம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

வாங்கிய கோப்பு சரியா என்று பார்க்க நிபுணர் தேவையில்லை. மூலக் கோப்பில் ஒரு பத்தியை எடுத்து வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள், தமிழாக வருகிறதா என்று. பிடிஎஃபிலிருந்து எடுக்க வேண்டாம். யூனிகோடில் செய்திருந்தாலும் அங்கே எழுத்து வரிசை குழம்பும். அப்புறம் கைப்பேசியில் ‘அவர்’ என்று அடித்து, அதை நகலெடுத்து உங்கள் கோப்பில் தேடச் சொல்லுங்கள். 200 பக்க நாவலில் ஒரு ‘அவர்’கூட அகப்படவில்லை என்று வந்தால் எழுதியவரைச் சந்தேகிக்காதீர்கள்.

ஜனவரியில் சென்னைக் கண்காட்சிக்கு வழக்கம்போலப் பையோடு வருவேன். முதலில் புத்தகம் வாங்குவேன். பில் போடும்போது கோப்பைப் பற்றியும் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாடிக்கையாளன்