ரெண்டாவது குண்டுக்கு யாரு பதில் சொல்றது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹிரோஷிமா நாளுக்காக போன வாரம் நீங்க போட்ட கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். அணுகுண்டு போடலேன்னா அமெரிக்கா ஜப்பானுக்குள்ள படை எறக்கியிருக்கும், ஒக்கினாவா தீவுச் சண்டைல நடந்த மாதிரி பத்து மடங்கு பொணம் விழுந்திருக்கும், அதனால அது வேற வழியில்லாம செஞ்ச பாவம்னு உங்க கட்டுரையாளர் எழுதியிருந்தாரு. கோவத்துல எழுதறேன்னு நெனைக்காதீங்க, அவரு கட்சிக்கு எங்க வீட்லயே ஒரு சாட்சி இருந்தாரு.

எங்க தாத்தா மலாயா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவரு. ஜப்பான்காரன் சயாம்லேர்ந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் புடிச்சப்ப அவரையும் லாரில ஏத்திட்டாங்க. 1943 அக்டோபர்ல லைன் போட்டு முடிஞ்சப்பறமும் விடல, ரிப்பேர் வேலைக்குன்னு அங்கயே வெச்சுக்கிட்டாங்க. காலரா, காய்ச்சல், பட்டினின்னு அங்க செத்த தமிழ் ஆளுங்க பல்லாயிரம் பேரு, வெள்ளைக்கார கைதிங்களுக்காவது பேர் வெட்டுன கல்லறை இருக்கு, நம்மாளுங்க பேரு கூட ஒழுங்கா யார்கிட்டயும் கெடையாது. தாத்தாவுக்கு மொழங்காலுக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு, தோலு பளபளன்னு இருக்கும், சின்ன வயசுல தொட்டுத் தொட்டுப் பாப்பேன். அடுப்புல மரவள்ளிக்கிழங்கு வேகற வாசன வந்தாலே எழுந்து திண்ணைக்குப் போயிடுவாரு. "அந்த குண்டு விழலேன்னா நான் ஏது, உங்கப்பன் ஏது"ம்பாரு.

அதனால நானும் ரொம்ப வருஷம் உங்க கட்டுரையாளர் மாதிரிதான் பேசிக்கிட்டு இருந்தேன். அப்பறம் தேதிங்கள வரிசையா வெச்சுப் பாத்தப்பதான் இடிச்சுது.

படை எறக்க குறிச்சிருந்த நாள் 1945 நவம்பர் 1. குண்டு விழுந்தது ஆகஸ்ட் 6. நடுவுல கிட்டத்தட்ட மூணு மாசம். ஜப்பான் சரணடையணும்னு நேச நாடுங்க விட்ட ஜூலை 26 போட்ஸ்டாம் அறிக்கைல சக்கரவர்த்திய என்ன பண்ணப் போறோம்னு ஒரு வார்த்த இல்ல. ஜப்பான்காரனுக்கு உசுரே அந்த ஒரு விஷயத்துலதான் இருந்துச்சு, ராஜவம்சத்த விட்டு வைக்கலாம்னு ஒரு வரி சேர்க்கணும்னு அமெரிக்க போர் மந்திரி ஸ்டிம்சனே சொல்லிப் பாத்தாரு, எடுத்துட்டாங்க. கடைசில ரெண்டு ஊரையும் எரிச்சுட்டு அதே சக்கரவர்த்திய அதே சிம்மாசனத்துலயே உக்கார வெச்சாங்க. இத மொதல்லயே சொல்லியிருந்தா சண்ட நின்னிருக்குமான்னு அடிச்சு சொல்ல முடியாது, அங்க ராணுவக்காரங்க அவ்ளோ முரடு. காத்திருந்த ஒவ்வொரு நாளும் தாத்தா மாதிரி ஆளுங்க செத்துக்கிட்டுதான் இருந்திருப்பாங்க, அதையும் மறைக்க விரும்பல. அதனால ஹிரோஷிமா பத்தி யாராவது கேட்டா எனக்கு இன்னிக்கும் தொண்டைய அடைக்கும்.

ஆனா நாகசாகி? அதுக்கு உங்க கட்டுரைல மொத்தமே ஒரு வரி, "மூன்று நாள் கழித்து நாகசாகியிலும்"னு.

அந்த மூணு நாள்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. ஹிரோஷிமால விழுந்தது நெசமாவே அணுகுண்டுதானான்னு பாக்க நிஷினாங்கிற விஞ்ஞானி அங்க போய் சேர்ந்ததே 8ஆம் தேதி. அன்னிக்கு ராத்திரியே ரஷ்யாவும் ஜப்பான் மேல போர் அறிவிச்சுடுச்சு. 9ஆம் தேதி காலைல டோக்கியோல சரணடையறதப் பத்தி ஆறு பெரிய தலைங்க உக்காந்து பேசிக்கிட்டு இருக்கறப்பதான் நாகசாகி சேதியே உள்ள வருது. வந்தும் மூணுக்கு மூணுன்னு அப்படியே நின்னாங்க, ஒருத்தரும் கட்சி மாறல, ராத்திரி சக்கரவர்த்தி வாயத் தொறந்துதான் முடிவாச்சு. அப்ப அந்த குண்டு யாரு மனச மாத்துச்சு?

இன்னொரு கொடும, ரெண்டாவது குண்டு போடலாமா வேணாமான்னு யாரும் தனியா உக்காந்து யோசிக்கவே இல்ல. அமெரிக்க ராணுவத்தோட ஜூலை 25 உத்தரவுலயே அடுத்த குண்டுங்க ரெடி ஆக ஆக போட்டுக்கலாம்னு எழுதியாச்சு. 11ஆம் தேதி போட வேண்டியது, வானம் கெட்டுப்போகும்னு 9க்கு மாத்திட்டாங்க. மொத குறி கோகுரா ஊரு. அங்க மேகமும் பொகையுமா இருந்துச்சு, மூணு சுத்து சுத்திட்டு நாகசாகி போனாங்க. அந்த வருஷம் முடியறதுக்குள்ள அங்க செத்தவங்க சுமார் 70,000 பேரு. அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் குண்டு விழுந்த மறுநாள் இனிமே என்னைக் கேக்காம போடக்கூடாதுன்னு நிறுத்தினாரு, இன்னும் அத்தன புள்ளைங்களக் கொல்ல மனசு வரலேன்னாராம். ஒரு நாள் முன்னாடி தோணியிருக்கக் கூடாதா அய்யா.

ஹிரோஷிமா மியூசியத்துல ஒரு மூணு சக்கர சைக்கிள் இருக்கு, போட்டோல பாத்திருப்பீங்க, துரு புடிச்சு நெளிஞ்சு போனது. அத ஓட்டிக்கிட்டிருந்த மூணு வயசுப் பையன் அன்னிக்கு ராத்திரியே செத்துட்டான், அப்பன்காரரு தனியா தூரத்துல போய் பொதைக்க மனசு வராம வீட்டுக் கொல்லைலயே சைக்கிளோட சேத்துப் பொதைச்சு 40 வருஷம் கழிச்சு தோண்டி எடுத்துக் குடுத்தாரு. தாத்தா உசுரு பொழச்சதுக்கு இந்தப் பையன்தான் வெலைன்னு கணக்கு எழுத எனக்கு கை வரல. எழுதித்தான் ஆகணும்னாலும் அது ஒரு ஊரோட நிக்கணும், ரெண்டாவது ஊரையும் அந்த பில்லுல சேக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. கட்டுரைக்கு மேல பெருசா போட்டிருந்தீங்களே நெட்டுக்குத்தா எழும்பற பொகைத் தூணு படம், கீழ "ஹிரோஷிமா"ன்னு எழுதியிருக்கு. அது நாகசாகி. திருத்தம் போடுங்க.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன்,
பட்டுக்கோட்டை