குடியை நிறுத்தும் ஊசி என்று எழுதுகிறவர்களுக்கு

நாளிதழ்களின் மருத்துவப் பக்க ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் மருந்துக்கடைக்காரன். எடை குறைக்கும் செமாகுளுடைட் ஊசி குடியையும் நிறுத்தும் என்று நீங்கள் போடும் செய்தியை மடித்து எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரருக்கு இதைத் தர முடியுமா என்று கேட்டு பெண்கள் வருகிறார்கள்.

செய்தி முழுப் பொய் என்று சொல்லவில்லை. பசியும் போதையும் மூளையில் பல இடங்களில் ஒரே பெப்டைடுகளை, அதாவது சேதி கடத்தும் சின்னப் புரதத் துண்டுகளை, வைத்துத்தான் பிழைக்கின்றன. எலிகளுக்கு கொக்கெய்னும் ஆம்ஃபெட்டமைனும் கொடுத்தபோது வேகமெடுத்த ஒரு மரபணுவை 1995-இல் கண்டு, அந்தப் போதைப்பொருள்களின் பெயரையே சேர்த்து அதை 'கார்ட்' என்றார்கள். 1998-இல் பார்த்தால் அதே கார்ட் மரபணு தரும் பெப்டைடு பசியை அடக்குகிறது! பசியைத் தூண்டுவதாக அதே வருடம் அறிவிக்கப்பட்ட ஒரெக்சின் என்ற மூளைப் பெப்டைடு, பின்னர் எலிகளின் போதைத் தேடலிலும் கைவைப்பது தெரிந்தது. செமாகுளுடைட் பார்க்கிற வேலை ஜிஎல்பி-1 என்ற பெப்டைடின் வேலை, அது குடலில் மட்டுமல்ல, மூளைத்தண்டிலும் உருவாகிறது. அதனால் ஆராய்ச்சியாளர்களுக்கு ஆசை வந்தது நியாயம்தான்.

ஆனால் மனிதர்களிடம் என்ன ஆனது? 2025-இல் வெளிவந்த அமெரிக்க செமாகுளுடைட் ஆய்வில் இருந்தவர்கள் 48 பேர், ஒன்பது வாரம். குடிக்கும் ஆவலும், குடித்த நாட்களில் உள்ளே போன அளவும் குறைந்தன, குடித்த நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை. அதற்கு முன் 2022-இல் டென்மார்க்கில் இதே வகை மருந்தான எக்ஸெனடைடை வைத்து 127 பேரிடம் 26 வாரம் நடத்திய ஆய்வில், மொத்தத்தில் பலன் இல்லை. உடல் பருத்தவர்களிடம் அதிகக் குடி குறைந்தது, எடை சாதாரணமாகவோ குறைவாகவோ இருந்தவர்களிடம் கூடியது. இந்த ஒரு வரி உங்கள் பக்கத்தில் வந்து நான் பார்த்ததில்லை. நம்மூரில் குடித்துக் குடித்து எலும்பும் தோலுமாக ஆனவருக்கு, இருக்கிற கொஞ்ச பசியையும் அடக்கும் ஊசியைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

அப்புறம், இன்ப உணர்வு தரும் மூளையின் எண்டார்ஃபின் பெப்டைடுகள் வேலை செய்யும் இடத்தை அடைக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரைக்கு, குடிநோய்க்கென்றே 1994-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. மருத்துவர் சீட்டோடு இங்கேயும் கிடைக்கிறது. அதைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்களேன். ஊசியைப் பற்றி எழுதியே தீருவோம் என்றால், ஆய்வில் எத்தனை பேர், யார் யார் என்பதைத் தலைப்புக்குக் கீழேயே போட்டுவிடுங்கள். நெடுநாள் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவரைப் பார்க்காமல் நிறுத்தக்கூடாது என்பதையும் சேர்த்து.