இட்லிக்குச் சாம்பார் ஊற்றுங்கள்: சாப்பாட்டுப் போட்டி நடத்தும் விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பொங்கல், ஓணம், ஊர்த் திருவிழா என்று ஆண்டுதோறும் சாப்பாட்டுப் போட்டி நடத்தும் குழுவினருக்கு வணக்கம்.

முதலுதவிப் பயிற்சி தரும் நாங்கள் கேட்பது முக்கியமாக ஒன்றைத்தான். இட்லிப் போட்டி நோட்டீஸ்களில் ‘சட்னி, சாம்பார் கிடையாது’ என்று ஒரு வரி போடுகிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். போட்டி கடினமாக இருக்கட்டும் என்றுதான் போடுகிறீர்கள். ஆனால் ஆளைக் கொல்லக்கூடிய வரி அது. 2024 செப்டம்பரில் பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் ஓணத்தை ஒட்டி நடந்த இட்லிப் போட்டியில் ஒருவர் தொண்டை அடைத்து இறந்துபோனார். அங்கேயும் தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல்தான் சாப்பிட வைத்தார்கள்.

இட்லி மெத்தென்று இருக்கிறது, அது என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆறிய இட்லி ஒன்றை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். காற்றெல்லாம் போய்க் களி உருண்டை மாதிரி ஆகிவிடும். வாய்க்குள் இரண்டு மூன்றைத் திணித்தாலும் இதுதான் நடக்கிறது. முதல் சில வாய்க்கு எச்சில் ஈடுகொடுக்கும், பிறகு ஊற நேரமில்லை. மெல்லாமல் விழுங்கும் அவசரத்தில் மூச்சையும் இழுத்தால் உருண்டை குரல்வளை வாயில் போய் அப்பிக்கொள்ளும். மாவுப் பண்டம் என்பதால் இடத்துக்குத் தக்கபடி படிந்துவிடும். இருமினாலும் அசையாது. அவித்த முட்டை இன்னும் மோசம்: மேலே வழுக்கும், உள்ளே மஞ்சள் கரு மாவாக ஒட்டும்.

வேகமாகச் சாப்பிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஒவ்வொரு ஜூலை 4ஆம் தேதியும் ஹாட் டாக் (நீள பன்னுக்குள் சாசேஜ் என்ற இறைச்சிக் குழலை வைத்த பண்டம்) போட்டி நடக்கிறது. 2001இல் ஜப்பானின் டகேரு கோபயாஷி 12 நிமிடத்தில் 50 சாப்பிட்டார். அதுவரை இருந்த சாதனை 25 சொச்சம்தான். சாசேஜை இரண்டாக ஒடித்துக்கொண்டார், பன்னைத் தனியே எடுத்துத் தண்ணீரில் முக்கினார். இரட்டிப்புக்கு அந்தத் தண்ணீர்க் கிண்ணமும் ஒரு காரணம். இப்போது 10 நிமிடப் போட்டி. ஜோயி செஸ்ட்நட் 2021இல் 76 சாப்பிட்டார், 2025 வரை 17 முறை பட்டம் வென்றிருக்கிறார். பெண்களில் மிக்கி சூடோ 2024இல் 51 சாப்பிட்டார். இவர்களும் பன்னை நனைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். உலக சாம்பியன்களே காய்ந்த பன்னோடு மல்லுக்கட்டுவதில்லை. நம் ஊரில் காலையில் பெயர் கொடுத்துவிட்டு மாலையில் மேடையேறுகிறவரை நாம் காய்ந்த இட்லியைத் தின்னச் சொல்கிறோம்.

அவர்கள் வயிறும் வேறு. 2007இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் சாதாரண ஆள் ஒருவர் 7 ஹாட் டாக்கோடு நிறுத்திக்கொண்டார், போட்டிக்காரர் 10 நிமிடத்தில் 36 சாப்பிட்டார். அவர் வயிறு பை போல விரிந்துகொண்டே போனது. அது காலப்போக்கில் சுருங்கும் திறனையே இழக்கலாம் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். வயிற்றை விரிக்க வீட்டில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துப் பழகும் இளைஞர்களிடமும் சொல்லுங்கள்: அப்படிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பே வரலாம்.

போட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. நடத்தும் முறையை மாற்றுங்கள். இலையில் இட்லியை அடுக்கி வைக்காதீர்கள். ஒவ்வொருவர் எதிரிலும் ஓர் ஆளை நிறுத்துங்கள். வாய் காலி என்று அவர் பார்த்த பிறகே அடுத்த இட்லி. சாம்பார் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம், தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மணி அடித்ததும் வாயில் இருப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் கடைசி நொடியில் திணிக்கத்தான் செய்வார்கள். எண்ணுகிற ஆளுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். 2018இல் கோனி ஐலண்டிலேயே தட்டுக் கணக்குத் தவறி, செஸ்ட்நட் சாப்பிட்ட 74ஐ முதலில் 64 என்று அறிவித்துவிட்டார்கள்.

18 வயதுக்குக் கீழே யாரும் வேண்டாம். குடித்திருப்பவர், பல்செட் போட்டவர், பக்கவாதம் வந்து தேறியவர், இன்சுலின் போடுபவர், யாராயிருந்தாலும் மேடைக்கு வேண்டாம். தலைவரின் மைத்துனராக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பிரியாணிப் போட்டி என்றால் எலும்பில்லாத கறி போடுங்கள்.

மேடைக்குப் பக்கத்தில் முதலுதவி தெரிந்த இருவர் நிற்க வேண்டும். இருமுகிறவரை இரும விடுங்கள். பேச்சு வராமல், இருமல் சத்தமும் வராமல், கழுத்தைப் பிடித்துக்கொண்டால் மூச்சு அடைத்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஒருவர் 108ஐ அழைக்கட்டும். இன்னொருவர் அவரை முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் பலமாக 5 முறை தட்ட வேண்டும். வெளிவரவில்லையா? பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்நோக்கி மேலே இழுப்பதாக 5 அழுத்தம். கர்ப்பிணிக்கும் மிகப் பருத்தவருக்கும் வயிற்றில் வேண்டாம், நெஞ்சில் அழுத்துங்கள். முதுகில் 5 தட்டு, பிறகு 5 அழுத்தம் என்று மாறி மாறிச் செய்யுங்கள். நினைவு தப்பினால் தரையில் கிடத்தி நெஞ்சழுத்தத்தை (சிபிஆர்) தொடங்குங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், கண்ணுக்குத் தெரியாததைத் தேடி விரலை விட்டுத் துழாவாதீர்கள். சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படும், ஆம்புலன்ஸ் வரட்டும் என்று கை கட்டி நிற்க முடியாது.

இந்த ஆண்டு நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் அந்த வரியை அடித்துவிட்டு, ‘சாம்பார் உண்டு, ஒரு நேரத்தில் ஓர் இட்லி மட்டும்’ என்று எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
முதலுதவிப் பயிற்சியாளர்கள் சிலர்