முடி நடுறதும் ஆபரேஷன் தானே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூக்கை நிமித்துறது, தொப்பையில கொழுப்பு உறிஞ்சுறது, சொட்டையில முடி நடுறது, இதெல்லாம் சினிமாக்காரங்க சமாச்சாரமா இருந்த காலம் மலையேறிப் போச்சு. இப்ப செல்போன் கடையில வேலை பாக்குற பையன்கூட இஎம்ஐ போட்டு ஹேர் டிரான்ஸ்பிளான்ட் பண்ணிக்கிறான். அதைக் கிண்டல் பண்ண நான் இந்த லெட்டர் எழுதல. பொண்ணு வீட்டுக்காரங்க போட்டோவைப் பாத்துட்டு "எல்லாம் சரிதான், தலை தான் கொஞ்சம்..."னு இழுக்குறாங்கல்ல, அதைக் கேட்டு நொந்து போனவனுக்குத் தான் அந்த வலி தெரியும், பண்ணிக்கட்டும். ஆனா எங்க பண்றாங்க, யார் பண்றாங்கன்றதுல தான் எனக்கு வயித்தெரிச்சல்.

எங்க அக்கா பையனுக்கு வயசு இருபத்தெட்டு. அவன் கூட திருச்சியில ஒரு இடத்துக்குப் போனேன், பேர் வேண்டாம். ஏசி, சோபா, சுவர் முழுக்க பிஃபோர் ஆஃப்டர் போட்டோ. ஒரு பொண்ணு மார்க்கர் பேனாவை எடுத்து அவன் நெத்தியில கோடு போட்டுட்டு மூவாயிரம் கிராஃப்ட் (வேரோட எடுத்து நடுற முடிக்கொத்து) ஆகும் சார், இன்னைக்கே புக் பண்ணா பத்தாயிரம் டிஸ்கவுண்ட்னு கால்குலேட்டரைத் தட்டுது, டைல்ஸ் கடையில சதுர அடி கணக்கு பேசுற மாதிரி. டாக்டர் யாரும்மான்னு கேட்டேன். "சீனியர் டாக்டர் சார்." பேரு? "அன்னைக்கு யார் டூட்டியோ அவங்க சார்." சுகர் இருக்கா, ஹார்ட் பிரச்சனை இருக்கா, வேற மாத்திரை சாப்பிடுறியான்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, ஆனா பான் கார்டு இருக்கான்னு கேட்டுச்சு, லோனுக்காம்.

பின்னந்தலையில மரத்துப் போற ஊசி போட்டு வேர் வேரா பிடுங்கி முன்னாடி நடுறாங்க, ஆறு மணி நேரம் எட்டு மணி நேரம் போகும். அந்த ஊசி மருந்துக்கு உடம்பு எடைக்கு இவ்வளவு தான்னு அளவு இருக்கு, தாண்டினா வலிப்பு வரும், ஹார்ட் நிக்கும். நட்ட முடியில பெரும்பாலும் முதல் ரெண்டு மாசத்துக்குள்ள கொட்டிட்டு அப்புறம் தான் முளைக்கும்ன்றதையோ, பின்னந்தலையில எடுத்த இடத்துல திரும்ப முளைக்காதுன்றதையோ அந்தப் பொண்ணு சொல்லவே இல்ல.

2016ல சென்னையில இதே ஹேர் டிரான்ஸ்பிளான்ட் பண்ணப் போய் இறந்தது ஒரு மெடிக்கல் காலேஜ் கடைசி வருஷ ஸ்டூடண்ட். அந்த இடத்துக்கு சலூன் லைசென்ஸ் தான் இருந்துச்சுன்னு அப்புறம் தான் வெளிய வந்துச்சு. டாக்டருக்குப் படிக்கிற பையனையே ஏமாத்த முடிஞ்சா நம்ம வீட்டுப் பையன் எம்மாத்திரம். 2022ல பெங்களூருல கொழுப்பு எடுக்கப் போன 21 வயசு சீரியல் நடிகை போய்ட்டாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல தேசிய மருத்துவ ஆணையம் தெளிவா சொல்லிடுச்சு, பிளாஸ்டிக் சர்ஜரியோ தோல் மருத்துவமோ முறையா படிச்சு பயிற்சி எடுத்தவங்க தான் முடி நடணும், யூடியூப் பாத்தும் ஒர்க்‌ஷாப் போயும் கத்துக்கிட்டது பத்தாதுன்னு. அப்படியும் கான்பூர்ல முடி நடப் போன ரெண்டு இன்ஜினியர்ங்க செத்து, 2025ல ஒரு பல் டாக்டர் மேல கேஸ் ஆச்சு.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. 2017ல ஜிஎஸ்டி வந்தப்பவே மருத்துவத்துக்கு வரி கிடையாது, ஆனா முடி நடுறதுக்கும் அழகு சர்ஜரிக்கும் உண்டு, காயம், பிறவிக் குறை மாதிரி காரணம்னா மட்டும் விலக்குன்னு அரசாங்கம் பிரிச்சு எழுதிடுச்சு. வரி வாங்குறவங்களுக்கு எது அழகு சர்ஜரின்னு கரெக்டா தெரியுது, கடையைச் சோதனை போட வேண்டியவங்களுக்கு மட்டும் ஆள் செத்ததுக்கு அப்புறம் தான் தெரியுது. இன்சூரன்ஸும் அழகு சர்ஜரின்னா கை விரிச்சுடும், ஏதாவது ஆச்சுன்னா மொத்தச் செலவும் குடும்பத்து தலையில தான்.

கடைசியா உங்களுக்கே ஒண்ணு, கோவிச்சுக்காதீங்க. உங்க பேப்பர்லயும் இந்த விளம்பரம் வாரா வாரம் கலர்ல வருது, ஒண்ணுலயும் டாக்டர் பேர் நான் பாக்கல. விளம்பரம் வாங்குறப்ப ஆபரேஷன் பண்ற டாக்டர் பேரு, படிப்பு, மெடிக்கல் கவுன்சில் ரிஜிஸ்டர் நம்பர், மருத்துவமனை பதிவுச் சான்று இது நாலையும் கேளுங்க, குடுக்காதவங்க விளம்பரத்தைப் போடாதீங்க. நம்பர் இருந்தா தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் வெப்சைட்ல படிக்கிறவங்களே தட்டிப் பாத்துக்குவாங்க. எங்க அக்கா பையன் அட்வான்ஸ் கட்டியாச்சு, டாக்டர் பேர் சொல்ற வரைக்கும் மீதிப் பணம் கட்டாதடான்னு பிடிச்சு வெச்சிருக்கேன், அங்கருந்து தினம் ரெண்டு போன் வருது, பேர் மட்டும் இன்னும் வரல.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி