முதல் பிரெஸ் வாங்க வந்தவனிடம் வேகத்தை விற்றது குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான பரிந்துரையின் பேரில் வாங்கிய ஐந்து நிலை புரோகிரெசிவ் ரீலோடிங் பிரெஸ்ஸுக்கு (சுட்ட தோட்டாக் கூடுகளை மறுபடி நிரப்பும், ஒரே இழுப்பில் ஐந்து வேலை செய்யும் இயந்திரம்) முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் டெக்சஸில், ஆஸ்டினுக்கு வடக்கே குடியிருக்கிறேன். பிப்ரவரியில் உங்கள் நிறுவனத்தை அழைத்தபோது என்னிடம் பேசிய விற்பனையாளர் தமிழர். முழுப் பேச்சும் தமிழில்தான் நடந்தது. அதனால் இந்தக் கடிதத்தையும் தமிழிலேயே எழுதுகிறேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அவருக்குத் தண்டனை வாங்கித் தருவது என் நோக்கம் இல்லை. அவர் கேட்காமல் விட்ட கேள்விகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமைதோறும் பக்கத்து ரேஞ்சில் .38 ஸ்பெஷல் ரிவால்வரில் காகித இலக்கைச் சுடுவேன். வாரத்துக்கு நூறு தோட்டா ஆகும். நவம்பரில் மான் சீசனுக்காக ஒரு .308 ரைஃபிளும் இருக்கிறது. அதற்கு வருடம் முழுக்க ஐம்பது தோட்டா போதும். சுட்ட பித்தளைக் கூடுகளைச் சேர்த்து வைத்து, வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, முதல் முறையாக ஒரு பிரெஸ் வாங்க உங்களை அழைத்தேன்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய்ப்பே வரவில்லை. எடுத்த எடுப்பில் அவர் கேட்டது ஒன்றுதான்: "அண்ணா, மணிக்கு எத்தனை வேணும்?" எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நிறைய வந்தால் நல்லதுதானே" என்றேன். "அப்போ இதுதான் அண்ணா. மணிக்கு ஐநூறு வரும். பெரிய காலிபர், சின்ன காலிபர்னு எந்த அளவு தோட்டாவும் இதிலேயே போட்டுக்கலாம். முழு செட், வேற எதுவும் வாங்க வேண்டாம்" என்றார். ஆயிரம் டாலருக்கு மேல் கார்டில் கட்டினேன்.

முதலில் அந்த 'முழு செட்' பற்றி. பெட்டியைத் திறந்தால் தராசு இல்லை, நீளம் அளக்கும் காலிப்பர் இல்லை, வெடிமருந்து அளவுகள் அச்சிட்ட புத்தகமும் இல்லை. தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. கூட்டில் மருந்து ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் பவுடர் செக் டையையும் (டை என்பது பிரெஸ்ஸில் திருகி மாட்டும் அச்சு) தனியாக வாங்க வேண்டுமாம். ஐந்து நிலை எதற்கு என்று கேட்டபோது, அந்தச் சோதனைக்கு இடம் கிடைக்கும் என்று சொன்னதே உங்கள் ஆள்தான். .308-க்கு மாற வேண்டுமென்றால் கூடுகளைத் தாங்கும் தட்டு, ஊசிகள், புனல் என்று இன்னொரு பெட்டி வேண்டும். ஒரு இழுப்புக்கு ஒரே வேலை செய்யும் சாதாரண ஒற்றை நிலை பிரெஸ்ஸில் அதற்கு, கூட்டைப் பிடித்துக்கொள்ளும் பத்துப் பதினைந்து டாலர் ஷெல் ஹோல்டரும் ஒரு டை செட்டும் போதும்.

இதெல்லாம் பணத்தோடு போகும். நான் இந்தக் கடிதம் எழுதக் காரணம், இரண்டாம் நாள் மாலை நடந்தது.

கராஜில் உட்கார்ந்து கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இழுப்பிலும் ஐந்து கூட்டில் ஐந்து வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. அறுபது தோட்டா அளவில் ஒரு பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, சாய்ந்து மாட்டிக்கொண்டது. கைப்பிடி பாதியில் நின்றது. முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தேன். கடைசியில் தட்டில் இருந்த கூடுகளை எடுத்து, மாட்டியதைச் சரி செய்து, திரும்ப வைத்து வேலையைத் தொடர்ந்தேன். நாலைந்து தோட்டா விழுந்த பிறகுதான் மனசில் தைத்தது: எடுத்து வைத்த கூடுகளில் எதில் மருந்து விழுந்தது, எதில் விழவில்லை?

.38 ஸ்பெஷல் 1898-இல் கருமருந்துக் காலத்தில் வந்த தோட்டா. அந்த மருந்துக்கு இடம் நிறைய வேண்டும் என்பதால் கூடு நீளம். இன்றைய புகையில்லா மருந்து அதன் அடியில் கொஞ்சம்தான் இருக்கும். இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது, மேலிருந்து பார்த்தால் சட்டென்று தெரியாது. மருந்தே இல்லாவிட்டாலும் குண்டு அழகாக உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்ட தோட்டாவைச் சுட்டால் பிரைமரின் விசை மட்டுமே குண்டைக் குழாய்க்குள் தள்ளி, அங்கேயே சிக்க வைத்துவிடலாம். சத்தம் குறைந்ததைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் உப்பும், வெடிக்கவும் செய்யும்.

முடிந்த தோட்டாக்களை எடை போட்டுப் பார்த்தேன். பயனில்லை. பித்தளைக் கூடும் குண்டும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஏறி இறங்கும். அந்த வித்தியாசத்துக்குள்ளேயே மருந்தின் எடை மறைந்துவிடுகிறது. அப்புறம் ஒரே வழிதான் இருந்தது. குண்டைப் பிடுங்கும் சுத்தியல் ஒன்று வாங்கி வந்து, செய்திருந்த 63 தோட்டாவையும் ஒவ்வொன்றாகத் தரையில் தட்டிப் பிரித்தேன். இரண்டு சாயங்காலம் ஆனது. ஒன்றில் மருந்தே இல்லை. இன்னொன்றில் இரண்டு மடங்கு இருந்தது. அந்தச் சனிக்கிழமை என் மகளையும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போவதாக இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

மாட்டிக்கொண்டபோது தட்டில் இருந்த எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்க வேண்டும். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் முறை செய்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? ஐந்து வேலையை ஒரே இழுப்பில் கவனிக்கப் பழகாதவன் கையில் இந்த இயந்திரத்தைக் கொடுத்தது யார்?

என் ரேஞ்சில் ஒரு பெரியவர் முப்பது வருடமாக ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் ஒன்றை வைத்திருக்கிறார். வார்ப்பிரும்பில் செய்த, ஓ வடிவச் சட்டம் கொண்ட ஒற்றை நிலை பிரெஸ். அவர் ஐம்பது கூட்டுக்கும் முதலில் ஒரு வேலையை முடிப்பார், பிறகு அடுத்ததை. மருந்து போட்டதும் ஐம்பதும் மரக்கட்டையில் வரிசையாக நிற்கும். டார்ச் அடித்துப் பார்ப்பார். எதிலாவது மருந்தின் உயரம் மாறியிருந்தால் பளிச்சென்று தெரியும். மணிக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை வருமாம். என் வாரத் தேவை அதற்குள் முடிந்துவிடும்! கொஞ்சம் வேகம் வேண்டுமென்றால், டைகள் மாட்டிய தலை சுழலும் லீ கிளாசிக் டரெட் பிரெஸ் இருக்கிறது. அதில் தானாகச் சுழற்றும் கம்பியை எடுத்துவிட்டால் ஒற்றை நிலை போலவே பழகலாம். இரண்டிலும் வழக்கமான, எட்டில் ஏழு அங்குலத் தடிமனும் அங்குலத்துக்குப் பதினான்கு மரையும் கொண்ட டைகளே பொருந்தும். பிற்பாடு பெரிய பிரெஸ்ஸுக்குப் போனாலும் பெரும்பாலும் அதே டைகளைக் கொண்டுபோகலாம்.

.308-க்கோ இந்த வேகம் உதவவே இல்லை. கழுத்து ஒடுங்கிய ரைஃபிள் கூட்டுக்கு எண்ணெய் தடவி அளவுக்குச் சுருக்க வேண்டும், துடைக்க வேண்டும், நீளம் கூடியிருந்தால் வெட்ட வேண்டும். அதற்கு நடுவில் பிரெஸ்ஸிலிருந்து வெளியே எடுத்தே ஆக வேண்டும். ஒரே ஓட்டத்தில் ஐந்து வேலை என்பது அங்கே நடக்காது. இது உங்கள் விற்பனையாளருக்குத் தெரியாமல் இருக்காது.

மார்ச் மாதம் திருப்பி அனுப்பக் கேட்டேன். பெட்டி திறந்துவிட்டதால் 20 சதவீதம் பிடித்துக்கொள்வோம், அனுப்பும் செலவும் என்னுடையது என்று பதில் வந்தது. திறந்து பார்க்காமல் அதில் தராசு இல்லை என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

எனவே நான் கேட்பது: பிடித்தம் இல்லாமல் முழுத் தொகையும் வேண்டும், அனுப்பும் செலவை நீங்களே ஏற்க வேண்டும். உங்கள் விளம்பரத்தில் 'முழு செட்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, பெட்டிக்குள் இருப்பதையும் இல்லாததையும் எழுதுங்கள். முதல் முறை வாங்குகிறவரிடம் என்ன காலிபர், வாரத்துக்கு எத்தனை, முன்பு யாரிடமாவது கற்றாரா என்ற மூன்றையும் கேட்ட பிறகே பரிந்துரை செய்யும்படி உங்கள் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். பவுடர் செக் டை இல்லாமல் ஐந்து நிலை பிரெஸ்ஸைப் புதியவருக்கு விற்காதீர்கள்.

பிரெஸ்ஸைத் துடைத்து, அதே பெட்டியில் கட்டி, கராஜில் வைத்திருக்கிறேன். ரசீதின் நகலும், பிரித்தெடுத்த அந்த இரண்டு தோட்டாக்களின் கூடுகளைப் படம் எடுத்ததும் இணைப்பில் உள்ளன. இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் கார்டு வழங்கிய வங்கியிடம் முறையிடுவேன், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கும் இதே கடிதத்தை அனுப்புவேன்.

இப்படிக்கு,
பிப்ரவரியில் உங்களிடம் பிரெஸ் வாங்கிய வாடிக்கையாளர்,
ஆஸ்டின், டெக்சஸ்