கோட்டம் எடுக்கும் முன் கோட்டைப் பார்

அன்புள்ள மருமகனுக்கு,

சைக்கிளில் புது டயர் போட்டதிலிருந்து முன்வீல் குதிக்கிறது, சேரன்மகாதேவி ரோட்டில் கொஞ்சம் வேகம் பிடித்தாலே ஹேண்டில்பார் துள்ளுகிறது, கோட்டம் எடுக்க, அதாவது ஸ்போக்ஸ் கம்பியை முறுக்கி ரிம் நெளிவைச் சரிசெய்ய, கொடுக்கப் போகிறேன் என்று சொன்னாயாம். உங்க அம்மா போனில் சொன்னாள்.

கொஞ்சம் பொறு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வீலைச் சுற்றிவிடு. பிரேக் கட்டை பக்கத்தில் ரிம்மின் ஓரத்தைக் கவனி. ரிம் ஆடாமல் அசையாமல் ஓட, டயர் மட்டும் ஏறி இறங்கினால் ஸ்போக்ஸ் கம்பியைத் தொடவே வேண்டாம். டயர் மாற்றியதும் ஆரம்பித்த கோளாறு என்றால் முக்காலே மூணு வீசம் இதுதான்.

டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி, மெல்லிசாக ஒரு கோடு சுற்றி ஓடும். அழகுக்குப் போட்டது என்றுதான் பலபேர் நினைக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமும். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் ஒளிந்திருந்தால் அங்கே டயர் ஏறவில்லை. டயர் ஓரத்துக்குள் இருக்கிற கம்பி நீளாது. அதனால் எதிர்ப்பக்கம் பிதுங்கும். உன் கையில் துள்ளுவது அதுதான்.

முதலில் வால்வு பக்கம் பார். டியூபில் வால்வு ஒட்டியிருக்கிற இடம் தடிப்பாக இருக்கும், டயர் ஓரத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். காற்றை முழுக்க இறக்கு, வால்வு நட்டைத் தளர்த்து, வால்வை உள்ளே ஓர் அழுத்து அழுத்திவிட்டு இழு. அப்புறம் டயரை விரலால் ஒதுக்கி, டியூப் எங்காவது வெளியே எட்டிப் பார்க்கிறதா என்று சுற்றிலும் பார். இதில் மட்டும் அவசரப்படாதே லே. டியூப் கடிபட்டிருக்கும்போது காற்றடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி வெடிக்கும்.

சரி, டியூப் எங்கும் மாட்டவில்லையா? ஏறாத இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவு. தேங்காய் எண்ணெய் கிண்ணத்தைத் தூக்காதே, எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். சோப்புத் தண்ணீர் தானாகக் காய்ந்துவிடும். கொஞ்சம் காற்றடி, கோட்டைப் பார், மறுபடி அடி. 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும், டயர் ஏறிவிட்டது என்று அர்த்தம். டயரில் அச்சடித்திருக்கிற காற்றழுத்த அளவை (பிஎஸ்ஐ என்று போட்டிருக்கும்) தாண்டாதே. கைப்பம்பே போதும், பெட்ரோல் பங்க் கம்ப்ரசரில் பிடித்தால் சைக்கிள் டயர் கண்ணை மூடித் திறப்பதற்குள் அளவு தாண்டிவிடும்.

இவ்வளவு செய்தும் ஏறவில்லை என்றால் டயரே தப்பாக இருக்கலாம். 28 இஞ்ச் என்று சொல்லி இரண்டு அளவு விற்கிறார்கள். நம்ம தாத்தா ஓட்டின மாதிரி கனமான சைக்கிளுக்கு 635, இப்போது வருகிற ஒல்லி டயருக்கு 622. டயர் உட்காருகிற இடத்தில் ரிம்மின் விட்டம் அது, மில்லிமீட்டரில். 13 மில்லிமீட்டர் வித்தியாசம். 635 டயரை 622 ரிம்மில் போட்டால் தொளதொளவென்று இருக்கும், காற்றடித்தால் கழன்று வந்துவிடும். டயர் பக்கவாட்டில் 40-635 என்பதுபோல ஓர் எண் இருக்கும். கடைசி மூன்று இலக்கத்தையும், ரிம்மில் ஏதாவது எண் அடித்திருந்தால் அதையும் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு.

மாமா