கலாவுக்கு: மே மாசத்த விட்டுடு

ஏய் கலா,

நல்லா இருக்கியா. உன் வீட்டுக்காரருக்கு முதுகுவலி தேவலையா. தியாவோட பல்லு விழுந்த போட்டோ பாத்தேன், மூணாங்கிளாஸ் க்ரூப் போட்டோல நீ நிக்கிறதுதான் ஞாபகம் வந்துச்சு. இங்க எல்லாரும் சுகம், அம்மாவுக்கு சுகர் கொஞ்சம் எறங்கியிருக்கு, மஞ்சக்குப்பம் வீட்டு மாடி ஷீட்ட மாத்தியாச்சு. வீட்டு நியூஸ் அவ்ளோதான். மீதிய எழுதித்தான் ஆகணும்னு உக்காந்துட்டேன், ஃபோன்ல சொன்னா பாதியிலயே "சரி சரி விஜி, குக்கர் விசில் அடிக்குது"ன்னு வச்சிடுவ.

போன ஞாயித்துக்கிழமை கன்னியக்கோயில் போயி இளங்கோ அண்ணன் வாட்டர் பார்க்குல புது குளம் கட்டுற சைட்ட பாத்துட்டு வந்தேன். நீதான போயி பாருடின்னு உயிர எடுத்த, பாத்துட்டேன், இப்ப சொல்றத முழுசா கேளு. அலை குளத்துக்கு தோண்டுன குழி இன்னும் குழியாத்தான் கெடக்குது. ராத்திரி பகலா மோட்டார் ஓடுது, அத நிறுத்துனா சாயங்காலத்துக்குள்ள முழங்கால் அளவு தண்ணி ஊறிடுது. மழை விட்டும் பக்கத்து மண்ணு சொதசொதன்னு சரியுது, சவுக்கு கட்டைய வரிசையா அடிச்சு மணல் மூட்டைய அடுக்கி நிறுத்தி வச்சிருக்காங்க. கம்பி கட்டுற ஆளுங்க குழி ஓரத்துல சும்மா உக்காந்திருக்காங்க, தண்ணி வத்துனாத்தான அவங்களுக்கு வேலை. அண்ணன் மூஞ்ச பாக்கணுமே, மாலதி கல்யாணத்துல சாம்பார் தீந்து போனப்ப இருந்த அதே மூஞ்சி. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள ஃபோன எடுத்து உன் வாய்ஸ் மெசேஜ போட்டு காட்டுறாரு. "ண்ணா, மே ஒண்ணாந்தேதி ரிப்பன் வெட்டியே ஆகணும், டிஸ்னிலேண்டையே ஒரு வருஷத்துல கட்டிட்டாங்க, ஒரு குளத்துக்கு உனக்கு எத்தன மாசம்"னு. ஃபிளெக்ஸ் டிசைன் வேற ரெடியா இருக்கு, நீலக் கலர்ல அலை, நடுவுல பெருசா மே 1.

டிஸ்னிலேண்ட் கதைய உனக்கு யாருடி சொன்னது? பொய் இல்ல, ஆனா பாதிக் கதை. 1954 ஜூலைல வேலைய ஆரம்பிச்சு 1955 ஜூலை 17 தொறந்தாங்க, ஆரஞ்சு மரம் நின்ன எடம், ஒரே வருஷம்தான். ஆனா தொறந்த அன்னிக்கு என்ன கூத்து நடந்துச்சு தெரியுமா? ப்ளம்பருங்க ஸ்ட்ரைக் பண்ணிட்டு லேட்டா வந்ததால, குடிக்கிற தண்ணி குழாய முடிக்கறதா கக்கூஸ முடிக்கறதான்னு ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னு ஆயிப்போச்சு, வால்ட் டிஸ்னி கக்கூஸ்னு சொல்லிட்டாரு. கொளுத்துற வெயில்ல ஜனங்க தண்ணிக்கு அலைஞ்சாங்க. அவசரமா போட்ட தார் காயவே இல்ல, பொம்பளைங்க ஹீல்ஸ் அதுல பொதைஞ்சு நின்னுது. அவர்கிட்ட அத்தன பணம், அத்தன ஆளு, டிவியில நேரா காட்டுறாங்க, அப்பவும் இதான் நெலம. அதுவும் அந்த காலத்து ரூலு, அந்த காலத்து ரைடு.

அதே கம்பெனி அப்புறம் எவ்ளோ எடுத்துக்கிச்சுன்னு பாரு. புளோரிடாவுல அவதார் படத்த வச்சு ஒரு பகுதி கட்டுறோம்னு 2011 செப்டம்பர்ல சொன்னாங்க. மண்வெட்டி மண்ணுல பட்டது 2014 ஜனவரில, தொறந்தது 2017 மே 27. சொன்னதுக்கும் தோண்டுனதுக்கும் நடுவுல ரெண்டு வருஷத்துக்கு மேல, அது பூரா பேப்பர் வேலை. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரித்தான் தெரியும், ஆனா பைப்பு எங்க போவுது, கரண்ட் எங்கேருந்து வருது, ஒரு மணி நேரத்துல எத்தன பேரு ரைடுல ஏறுவாங்க, தீப்பிடிச்சா எந்த வழியா வெளிய ஓடுவாங்க, எல்லாம் அந்த டைம்லதான் முடிவாகுது. அத ஒழுங்கா முடிச்சவங்கதான் கட்டும்போது இடிச்சு இடிச்சு கட்டாம இருப்பாங்க. நம்ம அண்ணன் ப்ளான் போட்டது ஒரு மாசத்துல. பேலன்சிங் டேங்க் எங்கன்னு கேட்டேன், பெரிய குளத்துலேருந்து வழியிற தண்ணி வந்து நிக்கிற தொட்டிடி அது, அது ட்ராயிங்லயே இல்ல.

உனக்கு அபுதாபியிலயே கண்ணு முன்னாடி இருக்கே. தியாவ கூட்டிட்டு போனியே யாஸ் ஐலண்ட் சீவேர்ல்ட், அத கட்டப்போறோம்னு சொன்னது 2016 டிசம்பர்ல, கேட்ட தொறந்தது 2023 மே மாசம். அங்க பணத்துக்கு பஞ்சமா, ஆளுக்கு பஞ்சமா? இப்ப டிஸ்னி அங்க பார்க் கட்டப்போறோம்னு 2025 மே மாசம் சொன்னாங்க இல்ல, தொறக்கிற தேதிய வாயே தொறக்கல பாத்தியா. டிசைனுக்கே ஒன்றரை ரெண்டு வருஷம், கட்ட அஞ்சு வருஷம் கிட்ட ஆகும்னு அவங்களே சொல்றாங்க. அவ்ளோ ஏன், திருப்போரூர் பக்கத்துல வொண்டர்லா 2025 டிசம்பர்லதான் தொறந்துச்சு, நம்ம ஊரு பசங்க எத்தன வருஷமா வருது வருதுன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க, கேளிக்கை வரி விஷயம் பேசி முடியவே வருஷக்கணக்கா இழுத்துச்சு.

இன்னொண்ணு. வெத்து நெலத்துல புதுசா கட்டுறது ஒரு கஷ்டம், ஓடிக்கிட்டு இருக்கிற பார்க்குல சேத்து கட்டுறது அதவிட பெரிய கஷ்டம். புளோரிடாவுல இருக்கிற டிஸ்னியோட மேஜிக் கிங்டம் பார்க்குல டிரான் ரைடு கட்டுறோம்னு 2017 ஜூலைல சொன்னாங்க, அதே ரைடு ஷாங்காய்ல 2016லயே ஓட ஆரம்பிச்சாச்சு, ட்ராயிங் கையில இருக்கு, அப்பவும் புளோரிடாவுல தொறக்க 2023 ஏப்ரல் ஆச்சு. நடுவுல கொரோனா வந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா பார்க்க சுத்தி வர்ற ரயிலு அந்த சைட்டுக்குள்ள பூந்து போறதால 2018 டிசம்பர்ல நிறுத்துனாங்க, திரும்ப ஓடுனது 2022 டிசம்பர்ல. நாலு வருஷம்டி, ஒரு ரைடுக்காக இன்னொரு ரைடு. அண்ணன் பார்க்குலயும் அதே கததான். ரெடிமிக்ஸ் காங்கிரீட் லாரி உள்ள வர ஒரே வழி பார்க்கிங் வழி. சனி ஞாயிறு கூட்டம் வந்தா லாரிய விட முடியாது, வார நாள்ல கொட்டுனா பாதி ஊத்தி பாதி நிறுத்தற மாதிரி ஆவுது, அப்படி நிறுத்துற எடத்துலதான் ஜாயிண்ட் விழும், ஜாயிண்டுலதான் நாளைக்கு கசியும். புது பைப்ப பழைய லைன்ல சேக்கணும்னா பழைய குளத்த மூடணும், மூடுனா வருமானம் போச்சு. பாவம், காலையில டிக்கெட் கிழிக்கிறாரு, மத்தியானம் மேஸ்திரிகிட்ட சண்ட போடுறாரு, ராத்திரி உனக்கு பதில் சொல்றாரு.

இந்த ஊத்து தண்ணி விஷயத்த மட்டும் கொஞ்சம் பொறுமையா படி. புளோரிடாவும் நம்ம பக்கம் மாதிரி தோண்டுனா தண்ணி வர்ற ஊரு. மேஜிக் கிங்டத்துக்கு அடியில ஸ்டாஃப் நடக்கிறதுக்கு சுரங்கப்பாதை இருக்குன்னு கேள்விப்பட்டிருப்ப, அது சுரங்கமே இல்ல. அத தரை மட்டத்துல கட்டிட்டு, பக்கத்துல ஏரி வெட்டுன மண்ண எடுத்து சுத்தி மூடி, அதுக்கு மேல தெருவ போட்டாங்க. ஜனங்க நடக்கிறது உண்மையில ரெண்டாவது மாடி. தண்ணியோட மல்லுக்கட்டாம தண்ணிக்கு மேல ஏறிட்டாங்க. அண்ணனும் குளத்த நாலடி மேல தூக்கி கட்டிட்டு சுத்தி மண்ணு கொட்டியிருந்தா இந்த மோட்டார் சத்தமே இருந்திருக்காது. இப்பவும் கெட்டுப்போகல, பாதி ஆழத்த மண்ணு போட்டு மூடி ராஃப்ட, அதான் குளத்துக்கு அடியில போடுற காங்கிரீட் தரைய, மேல எடுக்கலாம்னு சொல்லியிருக்கேன், ஆனா புது ட்ராயிங் வேணும், புது கம்பி கணக்கு வேணும்.

ஏன் இவ்ளோ பயப்படுறேன்னா, இப்படி ஊத்து உள்ள எடத்துல காலி குளம் சும்மா இருக்காதுடி. உள்ள தண்ணி இருக்கிற வரைக்கும் அந்த பாரம் அழுத்திக்கிட்டு இருக்கும். க்ளீன் பண்றதுக்கு தண்ணிய எறச்சிட்டு, அந்த நேரம் பாத்து வெளிய மழை அடிச்சு ஊத்து ஏறுச்சுன்னா, கீழேருந்து தண்ணி மொத்த தொட்டியயும் படகு மாதிரி தூக்கிடும், தரை வெடிச்சிடும். 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் பாண்டிக்கு பக்கத்துல கரை ஏறுனப்ப ஒரே நாள்ல என்ன மழை பேஞ்சுது, அப்புறம் சாத்தனூர் டேம் தண்ணிய தொறந்துவிட்டு தென்பெண்ணை ஓரம் என்ன ஆச்சுன்னு வீடியோ அனுப்புனேனே. அந்த மாதிரி மழைக்கு தாங்குற கனம் வேணும், அடியில அழுத்தத்த விடுற வால்வு வேணும். அதெல்லாம் மே மாசத்துக்குள்ள அடங்காது.

காங்கிரீட் ஊத்துனா 28 நாள் ஆகணும் முழு பலம் வர. சுவர் எழுப்பணும், அதுக்கும் சென்ட்ரிங், க்யூரிங். அப்புறம் டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி தண்ணிய ரொப்பி வச்சு, நாளுக்கு நாள் எவ்ளோ எறங்குதுன்னு சுவத்துல கோடு போட்டு பாக்கணும். அண்ணன் என்ன சொல்றாரு தெரியுமா, அந்த டெஸ்ட விட்டுட்டு நேரா டைல்ஸ் ஒட்டிடலாமாம். பெரிய ஃபில்டர் வர லேட் ஆனா, இந்த ஒரு சீசனுக்கு மட்டும் பழைய சின்ன குளத்து ஃபில்டர்லயே ஓட்டிக்கலாமாம். மே மாசக் கூட்டம், டயப்பர் போட்ட குழந்தைங்களும் எறங்கும், அந்த தண்ணிய எல்லா புள்ளைங்களும் வாயில வச்சு துப்பும். அண்ணன் கெட்டவர் இல்லன்னு உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், தேதி கழுத்த நெரிக்குது, அதான் இப்படி பேச வைக்குது.

அமெரிக்காவுல கன்சாஸ் சிட்டியில ஷ்லிட்டர்பான்னு ஒரு வாட்டர் பார்க்குல வெர்ருக்ட்னு ஒரு சறுக்கு கட்டுனாங்க, 168 அடி, அப்ப உலகத்துலயே ஒசரம். மணல் மூட்டைய வச்சு விட்டுப் பாத்தப்ப மூட்ட பறந்து வெளிய போச்சு, பாதிய பிரிச்சு திரும்ப கட்டுனாங்க, தேதி தள்ளி தள்ளி 2014 ஜூலைல தொறந்தாங்க. 2016 ஆகஸ்ட்ல 10 வயசு பையன் அதுல செத்துப்போனான். 2018ல அத பிரிச்சே போட்டாங்க. நான் அத படிச்ச அன்னிக்கு ராத்திரி தூங்கல கலா. நம்ம புள்ளைங்கதான முதல்ல அந்த குளத்துல எறங்கப்போறது, அண்ணன் பையன், என் மருமவப்பிள்ளைங்க, ஜூலைல லீவுக்கு வந்தா தியா.

உன் பக்கம் எனக்கு புரியாம இல்ல. உங்க சேமிப்பு பூரா இதுல இருக்கு, லோன் வட்டி மாசா மாசம் போவுது, ஒரு மே சீசன் போச்சுன்னா எவ்ளோ போகும்னு நானும் அண்ணனும் உக்காந்து கணக்கு போட்டோம். வலிக்கத்தான் செய்யும். ஆனா வழி இருக்கு. பெரிய ஆளுங்களே எல்லாத்தையும் ஒரே நாள்ல தொறக்கறதில்ல. கலிபோர்னியா டிஸ்னிலேண்டுல ஸ்டார் வார்ஸ் பகுதிய 2019 மே 31 தொறந்தப்ப ஒரே ஒரு ரைடுதான் ஓடுச்சு, பெருசா பேசுன இன்னொரு ரைடு 2020 ஜனவரிலதான் வந்துச்சு. ஜனங்க மொணமொணத்தாங்க, ஆனா அது ரெடி ஆகற வரைக்கும் விடல. அதே மாதிரி, குழிக்கு வடக்கால இருக்கிற அந்த காலி எடத்துல முட்டளவு ஆழத்துல சின்னப் பசங்க குளம் ஒண்ணு, ரெண்டு ஃபைபர் சறுக்கு, நெழலுக்கு ஷெட்டு, இது மட்டும் மே மாசத்துக்கு. ஆழம் இல்லாததால ஊத்து தொந்தரவு இல்ல, பழைய ஃபில்டர் இதுக்கு தாங்கும், நானே கணக்கு பாத்துட்டேன். அலை குளத்துக்கு பிப்ரவரி மார்ச்ல தண்ணி கீழ போனதும் ராஃப்ட போட்டு, மழைக்கு முன்னாடி சுவர முடிச்சு, ஒரு ஐப்பசி கார்த்திகை மழைய அது தாங்குதான்னு பாத்துட்டு, அடுத்த வருஷம் 2027 மே.

அதனால நீ செய்ய வேண்டியது மூணாவது தவணைய அனுப்பு, ஆனா தேதி போட்டு அனுப்பாத, ராஃப்டுக்கும் ஃபில்டருக்கும்னு சொல்லி அனுப்பு. அண்ணனுக்கு நீயே ஃபோன் பண்ணி மே வேணாம்னு உன் வாயால சொல்லு, நான் நூறு தடவ சொன்னாலும் தங்கச்சி சொன்ன மாதிரி வராது. ஃபிளெக்ஸ்காரருக்கு வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் குடுக்கிறாராம், அதுக்குள்ள பேசிடு.

ஜூலைல வர்றப்ப என் கூட சைட்டுக்கு வா, பழைய செருப்பு ஒண்ணு எடுத்துட்டு வா.

உன் விஜி

பி.கு: மாலதி மறுபடியும் வண்டி மாத்திட்டா. நிறம் கேக்காத.